பயந்தேன் என்று சொல்லாதவர்

1

இந்தக் கதை எனக்குச் சர்ச் விருந்தில் கிடைத்தது. பொரித்த கெளுத்தி மீனுக்கு வரிசையில் நின்றபோது ஒருவர் சொன்னார். பாதியில் தட்டோடு நகர்ந்துவிட்டார். மீதியை நான்தான் கட்ட வேண்டும். என் தலையெழுத்து.

2

முதல் தொடக்கம்: ‘அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காம் திருத்தம், ஒவ்வொரு குடிமகனின் வீட்டையும்...’

(அடித்துவிட்டேன். நீங்கள் என்ன பரீட்சையா எழுதப் போகிறீர்கள்?)

இரண்டாம் தொடக்கம்: ஜார்ஜியாவில், மேக்கன் நகரத்துக் கறுப்பினச் சர்ச் மூப்பர் ஹோரஸ் பிரூயிட்டின் கதவைப் போலீஸ் தட்டியது. கோர்ட் உத்தரவு இல்லை. உள்ளே பார்க்கலாமா என்று கேட்டார்கள். “தாராளமா பாருங்க சார்” என்று ஒதுங்கி நின்றார். மகன் கெல்வினின் அறையில் துப்பாக்கி அகப்பட்டது. ஏற்கெனவே ஜெயிலுக்குப் போய் வந்தவன் அதைத் தொடவே கூடாது. இனி பத்து வருஷம்.

உத்தரவில்லாத சோதனை, வீட்டுக்காரர் மனமுவந்து சம்மதித்தால்தான் செல்லும். பயந்து ஒதுங்கியது சம்மதம் ஆகாது. போலீஸ் வந்தால் ‘சரிங்க சார்’ சொல்லிக் கைகள் தெரிய ஒதுங்கி நில் என்று அந்தக் கறுப்பினத் தெருவில் பிள்ளைகள் நடை பழகும்போதே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆக, பயந்துவிட்டேன் என்று ஹோரஸ் சாட்சிக்கூண்டில் சொன்னால் போதும், துப்பாக்கி சாட்சியமாக நிற்காது, மகன் தப்பிப்பான். நானும் தூங்கப் போகலாம்.

3

மனுஷன் சொல்ல மாட்டேன் என்கிறார்!

கெல்வினின் வக்கீல் நடீன் கல்பெப்பர் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள்.

“உங்க கை நடுங்குச்சுன்னு கெல்வினே சொல்றான், ஐயா.”

“மரியாதைக்கு உள்ள விட்டேம்மா.”

“அந்த மரியாதைதான் உங்க பிள்ளைய உள்ள தள்ளுது.”

அவர் “என் பேரன் வயசு வெள்ளக்காரப் போலீஸ் பையனப் பாத்து நடுங்குனேன்னு சர்ச் சனம் முன்னாடி சொல்லச் சொல்றியா?” என்று கேட்டார்.

(இங்கே அவரை அழவைக்கப் பார்த்தேன். மசியவில்லை. உண்டாக்கியவன் பேச்சுக்கு இவ்வளவுதான் மதிப்பு.)

4

முடிவு ஒன்று: சொல்கிறார். மகன் வீடு திரும்புகிறான். அப்புறம் ஹோரஸ் சர்ச்சில் முன்வரிசையில்...

முடிவு இரண்டு: சொல்லவில்லை. கூண்டைவிட்டு நிமிர்ந்தே இறங்குகிறார். கெல்வினை விலங்கோடு...

(இரண்டும் வேண்டாம். பயந்ததை ஊரறிய நிரூபித்தால்தான் உரிமை உண்டு என்று சட்டம் வைத்தவன் எவனோ, அவனே வந்து எழுதட்டும்.)

5

நீதிமன்றம். அவருக்குத் துணையாகச் சர்ச் சனம் மொத்தமும் நல்ல தொப்பி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. வராமல் இருந்திருக்கலாம்.

“கதவத் திறந்தப்ப பயந்தீங்களா, ஐயா?” என்று நடீன் கேட்கிறாள்.

கெல்வின் அப்பாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறான்.

ஹோரஸின் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய கையோடு அந்த அப்பா மகன் இருவரிடமும் நீங்களே போய்ப் படித்துக் காட்டுங்கள். என்னால் ஆகாது.