தண்ணீரிலும் யூகலிப்டஸ்

அன்று வகுப்பில் எந்தக் கோப்பையை மோந்தாலும் யூகலிப்டஸ் வாசனை அடித்தது. அதற்குக் காரணம் திராட்சையும் இல்லை, அது விளைந்த மண்ணும் இல்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த கேப்டனின் நெஞ்சு.

கேப்டன் என்றதும் கப்பலைத் தேட வேண்டாம். பெரிய ஓட்டல் ஒன்றில் பரிமாறுகிறவர்களை மேய்க்கும் உத்தியோகம் அது. மனிதருக்கு ஜலதோஷம். ஒயின் சான்றிதழ் படிப்பில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள், சுவைக்கும் வகுப்புக்கு சென்ட் பூசி வரக்கூடாது என்று. தைலத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. சட்டம் இடம் கொடுக்கிறதே என்று கழுத்திலிருந்து தொப்புள் வரை தாராளமாகத் தேய்த்துக்கொண்டு போய்விட்டார்.

ஆசிரியை முதல் கோப்பையை மோந்தார், கண்ணை மூடினார், யூகலிப்டஸ் என்றார். தோட்டத்துக்குப் பக்கத்தில் அந்த மரங்கள் நின்றிருக்கும், இலையின் எண்ணெய் காற்றோடு வந்து திராட்சைத் தோலில் படியும் என்று விளக்கினார். மாணவர்கள் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். இரண்டாவது கோப்பையிலும் மரம் நின்றது. மூன்றாவது வெள்ளை ஒயின், வேறு கண்டம். மரம் கடல் தாண்டி அங்கேயும் வந்துவிட்டது. நான்காவதில் ஆசிரியைக்குச் சந்தேகம் தட்டி, வாய் கொப்பளிக்க வைத்திருந்த தண்ணீரை மோந்து பார்த்தார். தண்ணீரும் அதே தோட்டத்து விளைச்சல்.

அப்புறம் அவர் வரிசை வரிசையாக மூக்கை நீட்டிக்கொண்டு வந்தார். கேப்டனிடம் வந்ததும் நின்றார். வகுப்பு சிரித்தது. சுவைத்த ஒயினைத் துப்புவதற்கு வைத்திருந்த வாளியில் துப்ப முடியாமல் ஒருவர் தன் சட்டையிலேயே துப்பிக்கொண்டார். கேப்டனும் கூடவே சிரித்தார்; மானம் போகும்போது நாமும் சிரித்துவிட்டால் வழியனுப்பியது போல ஆகிவிடும் அல்லவா. நீங்கள் எழுதியதைப் படியுங்கள் என்றார் ஆசிரியை. கேப்டன் படித்தார்: செர்ரி, மிளகு, பதப்படுத்திய தோல், கொஞ்சம் ஈர மண்.

"ரூமே யூகலிப்டஸ்னு எழுதியிருக்கு. தைலம் தேச்ச நீங்க மட்டும் எழுதலையே, ஏன்?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஜலதோஷம் மேடம் என்றார் கேப்டன்.

ஜலதோஷம் ஒரு வாரத்தில் போனது. சந்தேகம் போகவில்லை. யோசித்துப் பார்த்தால், அவர் இதுவரை எந்தக் கோப்பையையும் மோந்து எழுதியதில்லை. வெளிறிய சிவப்பா, செர்ரி. இருண்ட சிவப்பா, மிளகு. மஞ்சளா, எலுமிச்சை. மனப்பாடத்தில் அவர் புலி. அதோடு பக்கத்து நாற்காலிக்காரரின் முகத்தைப் படிக்கவும் தெரியும். சாப்பிட வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே பசியைச் சொல்லிவிடுகிற தொழில் அல்லவா.

பரீட்சையில் அந்த முகம் கிடைக்காது. பெயர் மறைத்த இரண்டு கோப்பைகளை வைப்பார்கள். அதில் கோட்டைவிட்டால், எழுத்துத் தேர்வில் என்ன கிழித்தாலும் தோல்விதான். தேறினால் ஓட்டலில் ஒயின் பரிமாறும் பொறுப்பு, கோட்டில் குத்திக்கொள்ள திராட்சைக் கொத்து பேட்ஜ், எல்லாவற்றுக்கும் மேலாக முழங்காலுக்கு விடுதலை. தட்டுச் சுமந்து தேய்ந்த முழங்கால் அது. பாட்டிலோடு நின்று நாலு வார்த்தை பேசி ஊற்றினால் போதும் என்கிற வேலை அதற்குச் சொர்க்கம். தேறிவிட்டது மாதிரியே ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார்.

எனக்கு வாசனை தெரிகிறதா இல்லையா என்று ஆளாளாகக் கேட்டுப் பார்த்தார். மூக்கு என்பது ஒரு பயணம் என்றார் ஆசிரியை. எந்த ஊருக்கு என்று சொல்லவில்லை. உங்கள் அனுபவத்துக்கு முன்னால் மூக்கு எம்மாத்திரம் என்றார் ஓட்டல் மேலாளர். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, வயசுக்கு மூக்கு நன்றாக இருக்கிறது என்றார். பார்க்கவா, வேலைக்கா என்று கேட்பதற்குள் அடுத்த நோயாளி வந்து உட்கார்ந்துவிட்டார். அதே ஓட்டலில் பாரைக் கவனிக்கும் மச்சான்தான் கொஞ்சம் ஆறுதல்.

"மாமா, உங்களுக்கு எதுக்கு மூக்கு? குடிக்கிறவனுக்கு மட்டும் என்ன தெரிஞ்சு கிழிஞ்சுது? நீங்க பாட்டுக்கு அடிச்சு விடுங்க."

ஆறுதல்தான், பதில் இல்லை.

கடைசியில் மனைவியைப் பிடித்தார். தினமும் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்ததும் சமையலறையில் பயிற்சி. கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு கேப்டன் ஸ்டூலில் உட்காருவார். கிராம்பு, மிளகு, எலுமிச்சைத் தோல், காப்பித்தூள், பழைய செருப்பின் வார், நனைத்த அட்டை என்று ஒவ்வொன்றாகக் கப்பில் போட்டு அவள் மூக்கடியில் நீட்டுவாள். அவர் சொல்வார். "சரிங்க," என்பாள் அவள்.

முதல் நாளே எல்லாம் சரி. மறுநாளும். மனிதர் தரையில் நடக்கவில்லை. துவைத்த சட்டைக்கு நடுத்தர அமிலத்தன்மை, தலையணைக்கு நீண்ட பின்சுவை என்று வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் ஒயின் பாஷையில் மதிப்பெண் போட ஆரம்பித்தார். அவள் இதற்கும் சரிங்க என்றாள்.

பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் அவள் நீட்டிய கப்பை ஆழமாக மோந்தார்.

"கிராம்பு. சந்தேகமே இல்ல."

சரிங்க வரவில்லை.

"என்ன, மிளகா?"

துண்டை அவிழ்த்துப் பார்த்தார். கப் காலி. கழுவித் துடைத்த காலி. மனைவி எதிரே சுவரில் சாய்ந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலிக் கப்புல கிராம்பு கண்டுபிடிச்சிருக்கேன். பெரிய மூக்குதான்," என்று கேப்டன் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவருக்கும் பாதியில் அறுந்தது. துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மழுப்பாம சொல்லு. எனக்கு வாசனை தெரியுதா, தெரியலையா?"

"தெரியலைங்க. துளிகூடத் தெரியல. நான் சரின்னு சொன்னதுல ஒண்ணுகூடச் சரியில்ல. அவ்வளவு ஆசையா படிச்சீங்க, அதான் வாய் வரல. நாளைக்குப் பரீட்சைக்குப் போனாலும் சரி, போகாட்டியும் சரி, அந்தக் கப்புல உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. போன மாசம் பால் அடிப்பிடிச்சு வீடே நாறிச்சு. நீங்க அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்து படிச்சிட்டிருந்தீங்க. அன்னைலேருந்து நீங்க வீட்டுல தனியா இருக்குற நாள்ல, கேஸை மூடினோமா இல்லையான்னு எனக்குப் பாதி வழியில பஸ்ஸை விட்டு இறங்கணும் போல ஆயிடுது. இறங்கித் திரும்பி வந்தும் பார்த்திருக்கேங்க."