உறங்குகிறவரைத் திருப்பி அனுப்பும் பருவம்

நாற்றப்பூச்சிப் பருவம் தொடங்கிய முதல் வாரத்தில், மருந்துப் புகை போட நிறுத்தியிருந்த கண்டெய்னர் ஒன்று குறட்டை விட்டது. அது யாருடைய குறட்டை என்று தார்பாய்க்காரிக்கு உடனே தெரிந்துவிட்டது. பத்து வருடம் பக்கத்தில் படுத்துத் தூக்கம் கெட்டவளுக்குத் தெரியாதா?

குளிர்நாடுகளில் பனி தொடங்கியதும் இந்தப் பூச்சிகள் கதகதப்புத் தேடி இயந்திர இடுக்குகளில் புகுந்து உறங்கிவிடும். அப்படியே கப்பலேறி, இறங்கிய ஊரின் வெயிலில் விழித்து, தோப்புத் தோப்பாகப் பழத்தை உறிஞ்சித் தீர்க்கும். அதனால் அந்த மாதங்களில் அங்கிருந்து வரும் சரக்கு, புகை போடாமல் துறைமுகத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். பெட்டியைத் தார்பாயால் மூடி, ஓரத்தில் மணல் மூட்டை அடுக்கி, குழாயைச் செருகுவது அவள் வேலை. வாயுவைத் திறக்குமுன் ஸ்பேனரால் பெட்டியைத் தட்டிக் காது வைத்துக் கேட்க வேண்டும். மற்றவர்கள் தட்டுவார்கள், கேட்கமாட்டார்கள். அவள் கேட்பாள்.

திறந்தார்கள். மரம் அறுக்கும் இயந்திரத்தின் வயிற்றுக்குள் அவள் கணவன் சுருண்டு கிடந்தான். வெளிநாட்டு வேலைக்குப் போய்த் தகவலே இல்லாமல் போனவன். பனியில் வேலை நின்றதும் முதலாளி தங்குமிடத்தைப் பூட்டிவிட, அவனும் பூச்சிகளோடு இடுக்கில் புகுந்து, பூச்சிகளைப்போலவே உறங்கிவிட்டான். தாடியிலும் காதிலும் சட்டைப் பையிலும் பழுப்புப் பூச்சிகள் செதில் செதிலாக அப்பியிருந்தன. உலுக்கினார்கள், எழவில்லை.

பூச்சி ஆபீசர் டார்ச்சை அணைத்தார். "உயிரோட பூச்சி இருக்கு. புகை போடாம வெளிய விட முடியாதும்மா."

"புகை போட்டா செத்துடுவாரு சார்!"

"அதான் திருப்பி அனுப்பிடலாம்னு சொல்றேன்."

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி முடித்த மகள், சட்டம் மொத்தத்தையும் படித்துவிட்டு வந்து நின்றாள். "தடை பூச்சிக்குத்தானே? எங்கப்பாவுக்கு இல்லையே?"

"பூச்சி இல்லாம குடு, கையெழுத்துப் போடறேன். கப்பல் சாயங்காலம்."

தார்பாய்க்குள் உட்கார்ந்து தாயும் மகளும் பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மூடி போட்ட வாளியில் போட்டார்கள். கை நாறியது, கண் எரிந்தது. "வீட்ல ஒரு எறும்ப அண்ட விட்டதில்ல இந்த மனுஷன்," என்று தாய் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. தாடி தெளிந்தது. நெஞ்சும் தெளிந்தபோது அவன் உதடு நீலமானது, குறட்டை நூலாக இளைத்தது. துறைமுக டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டே நாடி பார்த்தார். "இதுங்கதான் இவருக்குப் போர்வை. இன்னும் எடுத்தீங்கன்னா ஆள் போயிடுவார்."

தார்பாய்க்காரி ஆபீசரின் காலைப் பிடித்தாள். "பருவம் முடியறவரைக்கும் இங்கயே ஒரு மூலைல கிடக்கட்டும் சார். நான் பாத்துக்கறேன்."

"இந்த வெயில்ல பூச்சி முழிச்சுப் பறந்துடும்மா. ஊர்ல தோப்பு வெச்சிருக்கறவன் என்ன ஆவான்?"

"அப்ப எங்கம்மா என்ன ஆவாங்க?" என்றாள் மகள்.

ஆபீசர் திருப்பி அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட்டார். அவர் கெட்டவரும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. சங்கு ஊதியது. தார்பாய்க்காரி வாளியைத் தன் கையாலேயே கணவன்மேல் கவிழ்த்து, கால்விரல் இடுக்குவரை பூச்சிகளைப் பரப்பிவிட்டாள். உதட்டில் நிறம் திரும்பியது. பெட்டியைப் பூட்டிக் கப்பலில் ஏற்றினார்கள்.

அங்கே பனி விட்டதும் அவன் விழித்து வேலைக்குப் போனான். விழித்திருக்கும் மாதங்களில் ஊருக்கு வர முடியாது. பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருந்தது. ஒவ்வொரு வருடமும் பனி வந்ததும் உறங்கினான், சரக்காக வந்தான், திரும்பிப் போனான். மகளின் மனுக்களுக்கெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்தது, பரிசீலனை முடியவில்லை. நாளடைவில் வேறு பெட்டிகளிலும் ஆண்கள் வரத் தொடங்கினார்கள். அலுவலகம் ஒரு முத்திரை செய்துகொண்டது: 'உறங்குகிறார், திருப்பி அனுப்புக.' விதியிலும் ஒரு திருத்தம் வந்தது: தார்பாய்க்குள், உறவினர் ஒருவருக்கு, அரை மணி நேரம்.

அந்த அரை மணியில் தார்பாய்க்காரி பூச்சிகளைக் கலைக்காமல் கணவனின் நகங்களை வெட்டிவிடுகிறாள். அங்கே பனி உருகி எழும்போது விரல்களைப் பார்த்து, வீட்டுக்குப் போய்வந்தாயிற்று என்று அவன் தெரிந்துகொள்கிறான்.