வவ்வாலுக்கு வந்த பயம்

வவ்வால் என்ற பெயர் அவளுக்குக் கடலுக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டது. உயரமான கட்டடங்களின் வெளிப்புறத்தில் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைப்பதுதான் அப்போது அவளுடைய வேலை. பதினாலாவது மாடியில், ஒரு காலைச் சுவரில் ஊன்றி, துடைப்பானை வாயில் கவ்விக்கொண்டு, பாட்டு முணுமுணுத்தபடி வாளியைச் சரிசெய்வாள். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒருநாள் கண்ணாடிக்கு உட்பக்கம், காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கீழே இறங்கி வந்து, வாளி தரையைத் தொடும்வரை காத்திருந்து கேட்டாள்.

"நீ என்ன உயரம்?"

"எந்த மாடியில இருக்கும்போது?" என்றாள் வவ்வால்.

அப்படிக் கேட்டவள்தான் பிற்பாடு கணவனின் அக்காவாகி, அவளுக்கு அண்ணி ஆனாள். பாய்மரப் படகுப் போட்டிக்காரி. இரண்டு பேர் ஓட்டுகிற சின்னப் படகு அவளுடையது. ஒருத்தி பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடிப்பாள். இன்னொருத்தி, பாய்மரத்திலிருந்து வரும் கம்பியை இடுப்பு வாரின் கொக்கியில் மாட்டிக்கொண்டு, படகுக்கு வெளியே தண்ணீருக்கு மேல் உடம்பை நீட்டித் தொங்குவாள். காற்று படகைச் சாய்க்கும். தொங்குகிறவளின் கனம் அதை நிமிர்த்தும். உயரமான, பயமில்லாத ஒருத்திக்காக அண்ணி அலையாய் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. தேடிப் போன மூலிகை காலில் சிக்கியது போல் ஜன்னலுக்கு வெளியே வவ்வால் தொங்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணியின் தம்பி படகுக் கொட்டகையின் மேல்மாடியில் பாய் தைப்பவன். புதிதாக வந்தவளுக்கு இடுப்பு வார் தைக்க அளவெடுக்கப்போய், வாரோடு சேர்த்து மனசையும் தைத்துக்கொண்டான் என்று கொட்டகையில் கேலி பேசினார்கள். அந்த வருடமே கல்யாணம். மாமியார் வாசலில் நின்று, கடலில் இவர்கள் போவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் ஒரே பக்கமா சாயறத இந்தப் படகுலதான்டி பாக்கறேன்!"

முதல் ஒலிம்பிக்கில் வெண்கலம் வந்தது. அடுத்ததில் தங்கம். அலை முகத்தில் அறையும்போதும் கம்பியில் சிரித்தபடி தொங்கும் வவ்வாலின் படத்தைப் போட்டு, 'அச்சம் அறியாதவள்' என்று பத்திரிகைகள் எழுதின. அது பொய்யில்லை. அப்போது அவளுக்கு உண்மையாகவே அச்சம் தெரியாது.

அதைத் தெரிந்துகொண்டது ஒரு சாதாரணப் பயிற்சி நாளில். போட்டியும் இல்லை, புயலும் இல்லை. காற்று சட்டென்று திசை மாறியது, படகு கவிழ்ந்தது. எத்தனையோ தரம் கவிழ்ந்த படகுதான். ஆனால் அன்றைக்குப் படகு முழுசாகத் தலைகுப்புறப் புரண்டது. விரிந்த பாய்க்கு அடியில் வவ்வால் மாட்டிக்கொண்டாள். தளர்ந்து கிடந்த ஒரு கயிறு இடுப்புக் கொக்கியைச் சுற்றி இறுகியிருந்தது. மேலே போக உதைத்தாள். கயிறு கீழே இழுத்தது. கையால் மேலே தள்ளினால் பாய் ஈரத் துணிபோல முகத்தில் வந்து அப்பியது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. வாயைத் திறக்கக்கூடாது என்று தெரியும். திறந்துவிடுவோம் என்றும் தெரிந்தது.

அண்ணி மூழ்கி வந்து கத்தியால் கயிற்றை அறுத்தாள். மேலே வந்து இருமி முடித்ததும், "அவ்வளவுதானே, வா, படகை நிமித்துவோம்" என்றாள் அண்ணி. நிமிர்த்தினார்கள். பயிற்சியை முடித்துவிட்டுத்தான் கரைக்கு வந்தார்கள். வவ்வால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்கூட. பயம் மறுநாள் காலையில் வந்தது.

கொட்டகையில் இடுப்பு வாரை மாட்டிக் கொக்கியைத் தொட்டதும் விரல் மரத்துப்போனது. கம்பியில் தொங்கும்போது முன்பெல்லாம் அடுத்த அலையைப் பார்ப்பாள். இப்போது கண் படகுக்குள் கிடக்கும் கயிறுகளையே எண்ணிக்கொண்டிருந்தது. தொடையில் கட்டிய கத்தி இருக்கிறதா என்று நிமிடத்துக்கொரு தரம் தடவிப் பார்த்தாள். யாரிடம் சொல்வது? ஊரே அச்சம் அறியாதவள் என்று கொண்டாடுகிறது. அண்ணியோ, பயந்தவர்களைக் கண்டால் பல்வலிக்காரி முறுக்கைப் பார்ப்பது போலப் பார்ப்பவள். வவ்வால் வாயை மூடிக்கொண்டாள். வாய் மூடினால் வயிறு சும்மா இருக்குமா? தினமும் காலையில் கடலுக்குக் கிளம்பும் முன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தாள். குழாயைத் திறந்துவிட்டால் சத்தம் கேட்காது என்று நினைத்திருந்தாள்.

மாமியாருக்குக் காது கூர்மை.

மூன்றாவது ஒலிம்பிக்குக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. ஒரு காலை வவ்வால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, மாமியார் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் பல்.

"எத்தன நாளா?"

"எது அத்தை?"

"எங்கிட்டயே மறைக்கிறியா? நான் ரெண்டு பெத்தவ. டேய், இங்க வாடா! நீ அப்பனாகப் போற!"

வவ்வால் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மாமியார் அடுத்ததைச் சொல்லிவிட்டாள்: "இனிமே அந்தப் படகுப் பக்கம் தல வெச்சுப் படுக்கக்கூடாது. சொல்லிட்டேன்."

அந்த ஒரு வார்த்தையில் வவ்வாலின் நெஞ்சுக்குள் மாதக்கணக்காக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. படகுப் பக்கம் போகக்கூடாது. யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் சொல்லவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது வீடு. கணவன் ஓடிவந்து அவள் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். கன்னம் ஈரமாக இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

சாயங்காலம் அண்ணி வந்தாள். சமையலறை வாசலில் நிலையில் சாய்ந்து நின்றாள். அவளுடைய நாலு வருட உழைப்பு அந்த வாசலில் அவளோடு நின்றது.

"சரி," என்றாள். "உடம்பப் பாத்துக்க. நான் டீச்சரக் கேக்கறேன்." போகும்போது திரும்பி, வவ்வாலின் தலையை ஒருதரம் தடவிவிட்டுப் போனாள். அண்ணி யார் தலையையும் தடவுகிறவள் இல்லை. அந்த இடம் ராத்திரி முழுக்கச் சுட்டது.

டீச்சர் என்பவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. மாற்று ஆளாகப் பெயர் கொடுத்திருந்தாள். நீச்சல் நன்றாக வரும். கம்பியில் தொங்கிப் பழக்கம் குறைவு. லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.

பயம் விட்டுவிட்டது என்று வவ்வால் நினைத்தது ஒரே ஒரு நாள்தான். மறுநாளே வேறு வேஷம் கட்டிக்கொண்டு வந்து நின்றது. மாமியார் டாக்டரிடம் போகலாம் என்றாள். "அடுத்த வாரம் அத்தை" என்றாள் வவ்வால். கணவன் தினமும் ஒரு பெயரை யோசித்துக்கொண்டு வந்தான். அவன் வாயைத் திறந்தாலே இவளுக்குக் குலை நடுங்கியது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இங்கே போஜனம் மட்டும் வேளை தவறாமல் கிடைத்தது. ஒரு கவளம் இறங்கவில்லை.

இதைவிட மோசம், கரையில் நிற்பது. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் ஒருநாள் படகுத்துறைக்குப் போனாள். காற்று முறுக்கேறிக்கொண்டிருந்தது. தூரத்தில் அண்ணியின் படகு தெரிந்தது. டீச்சர் கம்பியில் தொங்குவதில் ஒரு தடுமாற்றம். காலை அகட்டி ஊன்றவில்லை. 'அகட்டு, அகட்டு' என்று வவ்வால் முணுமுணுத்தாள். யாருக்குக் கேட்கும்? கடலில் பயந்தால் கைக்கு ஒரு கயிறாவது இருக்கும் இழுக்க. கரையில் பயந்தவளுக்குக் கையில் ஒன்றுமே இல்லை.

படகு கவிழ்ந்தது. பாய்மரம் தண்ணீரில் விழுந்து, அதே மாதிரி, அடிப்பாகம் வானத்தைப் பார்க்கப் புரண்டது.

ஒரு தலை தெரிந்தது. ஒன்றே ஒன்று.

அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்று வவ்வாலுக்கு ஞாபகமில்லை. படகுகளை இறக்கும் சரிவில் ஓடியிருக்கிறாள், செருப்போடு, உடுத்திய துணியோடு, நெஞ்சளவு தண்ணீருக்குள் போய்விட்டாள். மீட்புப் படகை எடுக்க ஓடிவந்த கணவன் அவளைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே குதித்துத் தோளைப் பிடித்தான்.

"பைத்தியமா உனக்கு? வயித்துல புள்ளய வெச்சுக்கிட்டு…"

"புள்ள இல்ல!" என்று கத்தினாள். "புள்ளயே இல்ல. பயம். பயத்துல வாந்தி. விடுங்க என்ன, அவ அடியில மாட்டிக்கிட்டா!"

அவன் பிடி தளர்ந்தது. ஆனால் விடவில்லை. "ரெண்டு பேரும் மேல இருக்காங்க," என்றான், குரலே இல்லாமல். "படகுக்கு அந்தப் பக்கம். பாரு."

பார்த்தாள். அலை இறங்கியபோது இரண்டாவது தலை தெரிந்தது.

அண்ணியும் டீச்சரும் படகை நிமிர்த்திக் கரைக்கு வந்தபோது, கணவனும் மனைவியும் நனைந்தபடி சரிவில் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரலாம். அண்ணி, "என்னடா ஆச்சு?" என்று தம்பியைக் கேட்டாள். அவன் மனைவியைக் காட்டினான். வவ்வாலே சொன்னாள், கொக்கியில் கயிறு சுற்றிய நாளிலிருந்து எல்லாவற்றையும்.

அண்ணி கேட்டு முடித்துவிட்டுக் கையிலிருந்த கயிற்றுச் சுருளைத் தரையில் வீசி அடித்தாள். "இந்த டீச்சர் தன் வேலய விட்டுட்டு வந்து உசுர குடுத்துட்டிருக்கா. நான் அம்மாகிட்ட, பரவால்லம்மா, பதக்கம் என்ன பெரிய பதக்கம்னு சிரிச்சுக்கிட்டு நிக்கறேன். நீ பொய் சொல்லிட்டு வீட்டுல உக்காந்திருந்தியா? பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு அறுந்துடுமா?"

"உங்ககிட்டயா அண்ணி? நீங்க அவ்வளவுதானேன்னு சொன்னீங்க."

அண்ணி கயிற்றைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டாள். டீச்சர் மட்டும், "எனக்கும் காலையில சாப்பிட முடியறதில்ல" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டுப் பின்னால் போனாள்.

வீட்டில் மாமியார் செய்தியைக் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பிறகு எழுந்துபோய்ச் சாதத்தைப் பிசைந்து கொண்டுவந்து வைத்தாள். "பயந்தா பயந்தேன்னு சொல்றது. நான் என்ன புலியா, சிங்கமா? சாப்பிடு." கணவன் பேச ஒரு வாரம் ஆனது. பெயர் யோசிப்பதை அவன் நிறுத்தியது, அவன் திட்டாமல் இருந்ததைவிட அதிகமாக வலித்தது.

அண்ணி நாலாம் நாள் வந்தாள். உட்காரவில்லை.

"டீச்சர் இருக்கா. நல்லாத்தான் பண்றா. ஒலிம்பிக்குக்குள்ள தேறுவாளான்னு தெரியல. வரியா, வரலையா?"

"பயம் போகல அண்ணி."

"போச்சான்னு கேக்கல. வரியான்னு கேட்டேன்."

கரையில் நின்ற அந்த நேரத்தை வவ்வால் நினைத்துப் பார்த்தாள். "வரேன்," என்றாள்.

அண்ணி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தினமும் காலையில் கேட்பாள், மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்படியே கேட்டாள், சந்தையிலிருந்து வருகிறவளிடம் என்ன விலை என்று கேட்பது போல: "இன்னிக்கு எது வரைக்கும்?"

"முழங்கால்." சில நாள் "இடுப்பு." காற்று வலுத்த நாட்களில் "கழுத்து." கழுத்து என்றால் அண்ணி தானே இவளுடைய கொக்கியை இருமுறை சோதிப்பாள், தளர்ந்த கயிறுகளைச் சுருட்டி வைப்பாள். வாந்தி நிற்கவில்லை. குழாயைத் திறந்துவிடுவது மட்டும் நின்றது.

ஒலிம்பிக்கின் கடைசிப் பந்தயத்தன்று கடல் சாம்பல் நிறத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. புள்ளிக் கணக்கில் முதல் ஐந்து படகுகளும் நெருக்கியடித்து நின்றன. காற்றை எதிர்த்துப் போகும் பாதி முடிந்து மிதவையைச் சுற்றியபோது இவர்கள் நாலாவது. இனிக் காற்றோடு போக வேண்டும். பலூன் போல உப்பும் பெரிய முன்பாயை ஏற்றினால் படகு பறக்கும். மூக்கு அலையில் குத்தினால் தலைகுப்புறக் கவிழும். கண்ணெதிரே முன்னால் போன ஒரு படகு அப்படியே குத்திப் புரண்டது. வவ்வால் தேடினாள். இரண்டு தலை. மீட்புப் படகு அவர்கள் பக்கம் போயாகிவிட்டது.

"ஏத்து!" என்றாள் அண்ணி.

ஏற்றும் கயிறு கையில் இருந்தது. கை அசையவில்லை.

"எது வரைக்கும்டி?"

"தலைக்கு மேல அண்ணி!"

"தலைக்கு மேல போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன? இழுடி!"

வவ்வாலுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டில் எது கையை அசைத்தது என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. இழுத்தாள். பாய் வெடித்தது போல விரிந்தது. படகு துள்ளி எழுந்து அலையின் முதுகில் ஓடியது. அவள் கம்பியில் நீண்டு தொங்கி, பின்னால் எவ்வளவு போக முடியுமோ அவ்வளவு போய், ஒவ்வொரு அலைக்கும் வாய்விட்டுக் கத்தினாள். வீரக் கூச்சல் இல்லை அது. கலப்படமில்லாத பயம். அண்ணி அந்தக் கத்தலைக் கேட்டே சுக்கானைத் திருப்பினாள், கத்தல் உச்சத்துக்குப் போனால் மூக்கு குத்தப்போகிறது என்று அர்த்தம்.

ஒரு படகைத் தாண்டினார்கள். முதலில் போன படகை மட்டும் பிடிக்க முடியவில்லை. வெள்ளி.

அண்ணி தங்கத்துக்காகக் கொஞ்சம் அழுதாள். யாரும் பார்க்காத மாதிரி, தண்ணீரை முகத்தில் இறைத்துக்கொண்டு அழுதாள். கரையில் ஒரு நிருபர், "அந்தக் காத்துலயும் உங்களுக்குப் பயமே இல்லையா?" என்று வவ்வாலிடம் கேட்டார். "உயிரே போயிடுச்சு" என்றாள் அவள். பணிவுக்காகச் சொல்கிறாள் என்று எழுதினார்கள்.

அதற்குப் பிறகும் இரண்டு போட்டிப் பருவம் ஓட்டினாள். கடைசியில் அவளைப் படகிலிருந்து இறக்கியது பயமில்லை, தேய்ந்துபோன முழங்கால் மூட்டு. டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சொன்னபோது, நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை. கொட்டகையின் மேல்மாடிக்குப் போய், கணவனின் தையல் மேஜைக்கு அடியில், பாய்த்துணிக் குவியல் மேல் படுத்து அழுதாள். அவனும் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

டீச்சர் அவள் இடத்துக்கு வந்தாள். அண்ணியும் டீச்சரும் முதல்நாள் கிளம்பியபோது வவ்வால் படகைத் தள்ளிவிட்டாள். பிறகு சரிவில் நின்றாள். காற்று அப்படியொன்றும் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு அலை இறங்கும்போதும் தலைகளை எண்ணினாள். மழைத்தூறல் விழுந்தது, மற்றவர்கள் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். இரண்டு தலையும் கரைக்கு வந்து சேரும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.