எட்டு மணிக்குக் கிளம்பும் மனிதர்

தார்தோவுக்கு வீடு கிடைத்து இரண்டு மாதம் ஆகிறது. அந்த இரண்டு மாதமும் தினம் காலை எட்டு மணிக்கு அவர் அந்த வீட்டை விட்டுத் துரத்தப்பட்டார். துரத்தியவர் வேறு யாருமில்லை, அவரேதான்.

வீடு என்றதும் பெரிதாக எதையும் எண்ணிக்கொள்ள வேண்டாம். மோன்டேவிடியோ நகரத்தில், துறைமுகத்துக்குச் சற்றுத் தள்ளி, எல்பா அம்மாள் நடத்தும் வாடகை விடுதியில் மாடியில் ஓர் அறை. கட்டில், நாற்காலி, அலமாரி, தெருவைப் பார்த்த ஜன்னல். சமையலறை கீழே, எல்லாருக்கும் பொது. ஒரு மூலையில் சுவர் ஈரம் பாய்ந்து உப்பியிருந்தது. ஆனால் கதவுக்குப் பூட்டு இருந்தது, பூட்டுக்குச் சாவி இருந்தது, சாவி தார்தோவின் உள்சட்டைப் பையில் இருந்தது. நடக்கும்போது அடிக்கடி அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஒரு காலத்தில் அவர் நல்ல பெயின்டர். பிறகு நல்ல குடிகாரர். மனைவி கதவைச் சாத்தியதில் தப்பே இல்லை என்று அவரே சொல்வார். கொஞ்ச காலம் நண்பர்கள் வீட்டுத் தரை, அப்புறம் கடை வாசல், அப்புறம் இரவுக் காப்பகம். காப்பகத்தில் இருட்டும் நேரத்துக்கு உள்ளே விடுவார்கள். சூடான சூப், குளிக்க வெந்நீர், துவைத்த போர்வை எல்லாம் உண்டு. காலை எட்டு மணிக்கு ஓர் ஆள் வந்து கை தட்டுவான். பால் காபியையும் ரொட்டியையும் விழுங்கிவிட்டு எல்லாரும் வெளியே போயாக வேண்டும். மழையா, எலும்பைக் குத்தும் தென்காற்றா, காய்ச்சலா, அது அவரவர் பாடு. அங்கே வேலை செய்பவர்கள் நல்லவர்கள்தான், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இராத்திரி முடிந்தால் பகல் என்று ஒன்று வரும் என்பதை அந்த விதியை எழுதிய புண்ணியவான் மறந்துவிட்டான். அந்த விதியில் தார்தோ எட்டு வருடம் ஊறியிருந்தார்.

அவரை அதிலிருந்து வெளியே இழுத்தவள் நிபியா. வீடில்லாதவர்களுக்கான உள்ளூர் அலுவலகத்தில் வேலை, கணீரென்ற குரல், நாக்கு கொஞ்சம் நீளம். தொலைந்துபோன அடையாள அட்டையை மறுபடி வாங்கிக் கொடுத்தாள். ஆடிக்கொண்டிருந்த பற்களைப் பிடுங்கவைத்துப் புதுப் பல் கட்டவைத்தாள். குடியை விட்டவர்கள் வாரம்தோறும் கூடும் கூட்டத்துக்கு, முதல் சில தடவை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். கடைசியில் இந்த அறை. சாவியைக் கையில் வைத்து, அறையில் கேஸ் அடுப்பு பற்றவைக்கக் கூடாது, சமையலறையில் உங்கள் முறை வரும்போதுதான் சமைக்க வேண்டும், குப்பையை நீங்களே கீழே கொண்டுபோகணும் என்று எல்லாம் சொன்னாள். தார்தோ பள்ளிப் பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்துகொண்டார். பகலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. எந்த மனுஷிக்கு அதைச் சொல்லத் தோன்றும்?

இன்னொரு காரியத்தையும் நிபியா செய்திருந்தாள். அவருடைய மகள் சில்வானாவைத் தேடிப் பிடித்திருந்தாள்.

சில்வானா சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் உட்காருகிறாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒவ்வொரு ஞாயிறும் தலை சீவி, ஷூ மாட்டி, அப்பா வருவார் என்று உட்கார்ந்திருப்பாள். வர்றேன் என்று சொல்லியிருப்பார். வரமாட்டார். அதற்கப்புறம் ஒருநாள் அவள் ஷூ மாட்டுவதை நிறுத்திவிட்டாள். இப்போது நிபியாவிடம் அவள் சொல்லி அனுப்பியது இதுதான்: "நாள் குறிச்சு வந்தா அன்னிக்கு மட்டும் சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டு நிப்பாரு. நான் சொல்லாமத்தான் வருவேன். மனுஷன் நிஜமாவே குடியிருக்காரான்னு ஒரே ஒரு தடவை வந்து பார்ப்பேன். அப்பவும் பழைய கதைதான்னா, அத்தோட சரி."

அன்றிலிருந்து தார்தோ தினமும் இருட்டும்போது ஓட்டமும் நடையுமாகத் திரும்புவார். நாற்காலியைத் துடைத்துக் கட்டிலுக்கு எதிரே போடுவார். ஒரு பொட்டலம் பிஸ்கெட் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. மகள் மாலையில்தான் வருவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வீடு என்பது மாலையில்தானே திறக்கும்?

பகலை எப்படிக் கழிப்பது என்பது அவருக்குக் கைவந்த விஷயம். பஸ் நிலையத்தில் பயணி மாதிரி உட்காருவார். காவலாளி இரண்டாவது தடவை பார்த்தால் எழுந்து நூலகத்துக்குப் போவார். வெயில் அடித்தால் கடற்கரைச் சாலை. அங்கே ஊரே கக்கத்தில் வெந்நீர்க் குடுவையை இடுக்கிக்கொண்டு, மாத்தே என்னும் கசப்புத் தேநீர்க் குடுக்கையை ஒருவர் மாற்றி ஒருவர் உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தார்தோவிடமும் குடுக்கை இருந்தது. அவரே ஊற்றி அவரே உறிஞ்சி, மறுபடி அவரே ஊற்றுவார். மாத்தேயைத் தனியாகக் குடிப்பது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் யாரும் கை நீட்டாத இடத்தில் குடுக்கை சீக்கிரம் ஆறிவிடுகிறது.

ஒருநாள் பழைய கூட்டாளி நெல்சனைப் பார்த்தார். மூடிய கடை ஒன்றின் வாசலில் அட்டை விரித்துப் படுத்திருந்தான்.

"வாங்க வாங்க வீட்டுக்காரரே! வாடகை வாங்க வந்தீங்களா?" என்றான்.

"சும்மா இருடா."

"இல்லப்பா, சொந்தச் சாவி வச்சிருக்கிற ஆளு. தள்ளி உக்காரு, கோட்டு அழுக்காயிடும்."

கேலிதான், ஆனாலும் நெல்சன் அட்டையில் இடம் விடவில்லை. தார்தோ கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். உள்ளே இருப்பவர்களோடும் சேர்த்தி இல்லை, வெளியே இருப்பவர்களோடும் சேர்த்தி இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

ஜூலையில், நடுக்குளிர்காலத்தில், அந்த மழை வந்தது. விடியும்போதே கொட்டிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் மழை பெய்தால் யாரும் வெளியே கிளம்பமாட்டார்கள். மாவைப் பிசைந்து, தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, மாட்டுக் கொழுப்பில் ரொட்டி பொரிப்பார்கள். அன்றைக்கும் ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் அந்த வாசனை வந்தது. எட்டு மணிக்கு தார்தோ கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்த வாசனைக்கு நடுவே நடந்து போனார். ஷூ ஊறி, காலுறை ஊறி, நூலகம் மூடிய பிறகு ஒரு கடையின் சாய்ப்புக்கடியில் நின்று, இருட்டியதும் திரும்பினார்.

எல்பா அம்மாள் படிக்கட்டின் அடியில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எங்கய்யா தொலைஞ்ச? நாய்கூட வெளிய தலை காட்டல இன்னிக்கு."

"யாராவது வந்தாங்களா?"

"உன் மக வந்தா. மாவு, கொழுப்பு எல்லாம் பையில போட்டு எடுத்துக்கிட்டு. மழை பெய்யுது, எப்படியும் வீட்லதான் இருப்பாரு, பொரிச்சு சாப்பிடலாம்னு வந்தேன்னு சிரிச்சா. இந்தப் படியிலதான் உக்காந்திருந்தா. மத்தியானம் தாண்டியும் எந்திரிக்கல."

தார்தோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன். தெனமும் எட்டு மணிக்கு பேங்க் மேனேஜர் கணக்கா கிளம்பிடுவாரு, இருட்டினாத்தான் வருவாருன்னேன். எந்த வேலைக்குன்னு கேட்டா. எனக்கென்ன தெரியும், நீ என்னைக்கு வாயைத் திறந்திருக்க? அவருக்கு வேலையே இல்லையேன்னு சொன்னா. அத்தோட மூஞ்சி செத்துப்போச்சு. 'பழைய கூட்டத்தோடதான் சுத்துறாரு, எனக்குத் தெரியும்'னு சொல்லிட்டுப் பையை என் கையில குடுத்துட்டுப் போயிட்டா." எல்பா அம்மாளின் குரல் கொஞ்சம் இறங்கியது. "வீணாப் போக வேணாம்னு நான்தான் பொரிச்சேன். உனக்கும் எடுத்து வச்சிருக்கேன்."

அவர் அதை அறைக்கு எடுத்துப்போய்ச் சாப்பிட்டார். ஆறிப்போன கொழுப்பு அண்ணத்தில் ஒட்டியது. ஆனாலும் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் தின்றார். அவள் கொண்டுவந்த மாவு. நாற்காலி எதிரே காலியாக இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் நிபியா அவரைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினாள். சில்வானா காலையிலேயே போன் பண்ணிக் கத்தியிருந்தாள்.

"குடிச்சீங்களா?"

"இல்ல."

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."

"இல்ல நிபியா. சத்தியமா இல்ல."

"பின்ன அந்தக் கொட்டற மழையில யாரைப் பார்க்கப் போனீங்க?"

"யாரையும் இல்ல. பஸ் நிலையம், அப்புறம் நூலகம்."

"எதுக்கு?"

தார்தோவுக்குக் கேள்வியே புரியவில்லை. "எட்டு மணி ஆயிடுச்சே," என்றார்.

"எட்டு மணி ஆனா?"

"வெளிய வந்துடணும்ல."

நிபியா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். "யாரு சொன்னா?"

அவர் யோசித்தார். "யாரும் சொல்லல," என்றார். அப்புறம் மெதுவாக, "இருக்கலாம்னும் யாரும் சொல்லலையே."

நிபியாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"என்னைச் செருப்பால அடிக்கணும். குப்பையைப் பத்திக்கூடச் சொன்னேன். தார்தோ, அது உங்க வீடு. பகல்லயும் உங்க வீடுதான். மத்தியானம் தூங்குங்க. மழை பெய்தா இழுத்துப் போத்திக்கிட்டுக் கிடங்க. எவனும் வந்து கை தட்டமாட்டான்."

"ஞாயித்துக்கிழமைகூடவா?"

"ஞாயித்துக்கிழமைகூட!"

அவர் முன்னாலேயே சில்வானாவை போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மறுபக்கத்திலிருந்து தார்தோவுக்கே கேட்கும்படி குரல் வந்தது: "குடிகாரங்க சொல்ற கதை நிறையக் கேட்டிருக்கேன். இது புதுசா இருக்கு." போன் வைக்கப்பட்டது.

அதற்கப்புறம் தார்தோ வீட்டில் இருந்தார். இருந்தார் என்று சொல்லிவிட்டேன், அது அவ்வளவு சுலபமாக இல்லை. எட்டு மணிக்குப் பக்கத்து அறை ரேடியோ மணியடித்ததும் கால் தானாகத் தரையைத் தேடும். ஷூவோடு கட்டில் நுனியில் உட்கார்ந்திருப்பார். படியில் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவார். பத்து மணி வெயில் அந்த ஈரச் சுவரில் விழும் என்பதும், மத்தியானம் எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவார்கள் என்பதும் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தெருவில் தனியாக இருந்தபோது நடக்கவாவது இடம் இருந்தது. இங்கே தனிமை எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்படிச் சில நாள் போன பிறகு, ஒருநாள் ஏழரை மணி வாக்கில் கதவு தட்டப்பட்டது. சூப்பர் மார்க்கெட் சீருடையோடு சில்வானா நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எட்டு மணிக்கு எங்கதான் போறீங்கன்னு பின்னாலயே வந்து பார்க்கலாம்னு ரெண்டு நாளா எதிர் முக்குல நின்னேன். வெளியவே வரல நீங்க."

"இப்ப வீட்லயே இருக்கேன்."

"நிபியா சொல்லிக் குடுத்திருப்பாங்க."

அவர் மறுக்கவில்லை. நாற்காலியைத் துடைத்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அவள் நுனியில் உட்கார்ந்து அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். கட்டிலுக்கடியில் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. பார்க்கட்டும் என்று விட்டார். மாத்தே போட்டு நீட்டினார். வாங்கி உறிஞ்சிவிட்டுக் குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்கே அவருக்குத் தலைகால் புரியவில்லை, வாய் ஓயாமல் பேச ஆரம்பித்துவிட்டார்.

"இந்தச் சுவரு இருக்கே, இதை அப்படியே மேல பூசினா நிக்காது. சுரண்டணும். காயவிட்டு, ஈரம் தாங்குற பூச்சு ஒண்ணு கொடுத்து, அதுக்கு மேல வெள்ளை. எல்பா அம்மாகிட்ட கேட்டேன், படிக்கட்டுச் சுவரையும் நீயே பண்ணுன்னாங்க..."

பக்கத்து அறை ரேடியோ மணியடித்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே எழுந்தார். போர்வையை நாலாக மடித்துக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தார். குடுக்கையையும் குடுவையையும் பையில் போட்டார். கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தார். வெள்ளைக்கு முன்னால் எத்தனை நாள் காயவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கதவுப்பிடியில் கை வைத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் சில்வானா.

தார்தோ தன் கையைப் பார்த்தார். ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தார். அவமானத்தில் காது மடல் வரை சூடேறியது. எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தார்.

சில்வானா எழுந்து வந்தாள். மடித்த போர்வையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் தோளிலிருந்து கோட்டை மெல்ல உருவி ஆணியில் மாட்டினாள்.

"உக்காருப்பா," என்றாள். "உக்காரு. எங்கயும் போக வேணாம்."

அவர் உட்கார்ந்தார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலைக்கு நேரமாகிவிட்டது என்றாள். கதவருகே நின்று, "சாயங்காலம் வர்றேன்," என்றாள்.

வர்றேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தச் சொல்லை அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு ஒரு முழு நாளை ஓட்டுவது எப்படி என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரியப்போகிறது. ரொட்டி வாங்கக்கூட அவர் கீழே இறங்கவில்லை. கழிப்பறைக்குப் போனபோது கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார். வருவாள் என்று தோன்றியது. வராவிட்டால் அதுவும் நியாயம்தான் என்றும் தோன்றியது. மத்தியானம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. தெருவில் ஆட்கள் வீடு திரும்ப ஆரம்பித்தார்கள். இருட்டியதும் எழுந்து விளக்கைப் போட்டார், கீழே முக்கில் நின்று பார்த்தால் உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று.