போட்டோவுக்குப் போட்ட கையுறை

காலை ஒன்பதரைக்கு அந்தப் பயிற்சிக் கூடத்தில் பெண்கள் வளையல் கழற்றுவார்கள். மரம் கடையும் கடைசல் மெஷின் பக்கம் போகும் முன் பயிற்சியாளர் தருமன் சொல்லும் முதல் வேலை அதுதான். மோதிரம், கைக்கயிறு எல்லாம் டப்பாவுக்குள் போக வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக் கொள்ள வேண்டும்.

"தாலிய இன்னா சார் பண்றது?" என்றாள் பொன்னி.

"உள்ளார போட்டுக்கம்மா. மெஷினுக்கு தாலியும் தெரியாது, துணியும் தெரியாது. சுத்துற கட்டைகிட்ட துணி போச்சுன்னா கையோட சேத்து இழுத்துக்கும்."

"எங்க வூட்டுக்காரரும் அப்படித்தான் சார். ஒண்ணும் தெரியாது."

பெண்கள் சிரித்தார்கள். கஸ்தூரியும் சிரித்தாள். அடி அண்ணாமலை கிராமத்தில் பூக் கட்டி விற்பவள் அவள். வயது நாற்பது. "பூ சாயந்தரமே வாடிடுது சார், கட்டை வாடாது" என்று சொல்லித்தான் சேர்ந்தாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் மத்தும் பூரிக்கட்டையும் விரித்து விற்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

பன்னிரண்டு நாளில் அவளுக்குக் கை படிந்துவிட்டது. உளியை முதலில் தாங்கு கட்டையில் ஊன்றி, அதன் பிறகே மரத்தில் வைப்பாள். சதுரக் கட்டை உளியில் படபடவென்று அடிக்கும். அந்தச் சத்தம் அடங்கினால் கட்டை உருண்டையாகிவிட்டது என்று அர்த்தம். அதைப் பார்க்காமலே காதால் சொல்லிவிடுவாள்.

பதிமூன்றாம் நாள் சோதனைக்கு அதிகாரி வந்தார். கொத்து வேலை, வெல்டிங், கடைசல் எல்லாவற்றுக்கும் ஒரே பாதுகாப்புப் படிவம் வைத்திருந்தார். கண்ணுக்குப் போடும் கண்ணாடிக்கு ஒரு டிக் அடித்தார். அடுத்த வரியில் பேனா நின்றது.

"கிளவுஸ் எங்க?"

மேனேஜர் சுரேஷ்குமார் ஓடிப்போய் வெல்டிங் வகுப்புக்கு வாங்கிய புதுக் கையுறையைக் கொண்டு வந்தார். "கஸ்தூரிம்மா, நீதான் நல்லா செய்யற. போட்டுக்கினு நில்லு. படிவத்தோட போட்டோ வைக்கணும். மெஷின் ஓடணும், அப்பதான் போட்டோ நல்லாருக்கும்."

கஸ்தூரி கையுறையைப் பார்த்தாள். பிறகு தருமனைப் பார்த்தாள்.

"துணி ஆகாதுன்னீங்களே சார். இது போட்டுக்கலாமா?"

கூடாது என்று தருமனுக்குத் தெரியும். பதினாறு வருடம் பட்டறையில் நின்றவன். ஆனால் அந்தப் பட்டறையை மூடிய பிறகு இரண்டு வருடம் மண்டியில் மூட்டை தூக்கியவனும் அவன்தான். சுரேஷ்குமார் அவனை முறைத்தார். அதிகாரி வாட்சைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷந்தான்கா. போட்டுக்கோங்க" என்றான் தருமன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கையுறையின் நுனியில் தொங்கிய நூலைக் கட்டை பிடித்துக்கொண்டது. தருமன் பாய்ந்து சுவிட்சை அணைத்தான். அணைத்த பிறகும் கட்டை நாலு சுற்றுச் சுற்றித்தான் நின்றது.

அரசு மருத்துவமனையில் இடது கையின் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்துவிட்டார்கள். பூக் கட்டும்போது பூவைப் பிடிப்பது அந்த இரண்டு விரல்தான். கற்க வந்த தொழிலும் போயிற்று, கையிலிருந்த தொழிலும் போயிற்று.

விபத்து நடந்த மூன்றாம் நாள் சுரேஷ்குமார் தருமனிடம் ஒரு தாளை நீட்டினார். 'பயிற்சியாளர் எச்சரித்தும் தானாகவே கையுறை அணிந்தார்' என்று டைப் செய்திருந்தது.

"துணி ஆகாதுன்னு மொத நாளே சொன்னியா இல்லியா? அதத்தானப்பா எழுதியிருக்கு."

"நான் கையெழுத்து போட மாட்டேன் சார்."

"நீ போடலன்னா போ. நாளையிலேர்ந்து வர வேணாம்."

தாள் அவனுக்காக நிற்கவில்லை. சர்டிபிகேட் வேண்டிய நாலு பெண்கள் சாயந்தரத்துக்குள் கையெழுத்துப் போட்டார்கள். பொன்னியும் அழுதுகொண்டே போட்டாள்.

தருமன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டில் ஓரம் நின்றான்.

"நான் கையெழுத்து போடலக்கா. வேலைய வுட்டுட்டேன்."

கஸ்தூரி கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் நகர்த்தி வைத்தாள். இந்த முறை அவள் சார் என்று கூப்பிடவில்லை.

"அதுக்கு இன்னா இப்ப? வெரலு மொளச்சிடுமா?"

அவன் பழப் பையைக் கட்டில் ஓரம் வைத்தான்.

"அந்த ஆபீசருக்கு மெஷின பத்தி இன்னா தெரியும்? மேனேஜருக்கு உளி எந்தப் பக்கம் வெட்டும்னே தெரியாது. உனக்குத் தெரியும்னுதான உன்னக் கேட்டேன்? அத்தினி பேரு நிக்க, உன்ன மட்டுந்தானப்பா கேட்டேன்!"

"பயந்துட்டேன்கா."

"பயப்படாதவன் யாரு? நானுந்தான் பயந்தேன். அதான் கேட்டேன்." மூச்சு வாங்கினாள். "கேளுப்பா. தெரியாதவன் ஆயிரம் சொல்லுவான், அவன் மேல எனக்குக் கோவமே இல்ல. தெரிஞ்சவன் 'ஆகாது'ன்னு ஒரு வார்த்த சொல்லணும். எவன் நின்னாலும் சொல்லணும். அத அப்ப சொல்லாம, இப்ப வந்து பழம் குடுக்கற."