குட்டியின் வாய்ப்புண்ணுக்குக் காரணம்

என் மகன் முதன்முதலில் "ம்மா" என்று கூப்பிட்டது என்னை இல்லை, என் ஓரகத்தியை. அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. கண்ணாடிக் கடையில் ஊரார் மூக்குக்கெல்லாம் ஃப்ரேம் மாட்டிவிட்டு நான் வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். குட்டியை நாலு மணிக்கே க்ரீச்சிலிருந்து அழைத்து வருவது அந்த ஓரகத்தி அக்காதான். நான் கை நீட்டினால் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். "அம்மாகிட்ட போடா தங்கம்" என்று அவளே தள்ளிவிடுவாள். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் குட்டிக்குக் காய்ச்சல். நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் புண். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மாமியார் உடம்புச் சூடு என்றார். என் கணவர் சத்துக் குறைவு, விட்டமின் வாங்கணும் என்றார். என் காரணத்தை நான் டாக்டருக்கென்று வைத்திருந்தேன். அக்காவின் மேலுதட்டு ஓரத்தில் ஒரு கொப்புளம் பொருக்குத் தட்டியிருந்ததை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாயோடுதான் அவனைக் கொஞ்சினாள். சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். அவர் குட்டியின் வாயைப் பார்த்துவிட்டு உள்ளங்கையையும் பாதத்தையும் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் சிவப்புப் புள்ளிகள்.

"அது வேற வைரஸ்மா, இது வேற. உதட்டுக் கொப்புளமும் ஒட்டும்தான், அது ஆறுற வரைக்கும் முத்தம் குடுக்கக் கூடாது. ஆனா இது கை, கால், வாய்னு சேந்து வர்றது. க்ரீச்ல ஒரு புள்ளைக்கு இருந்தா போதும். ஒரு வாரத்துல தானா ஆறிடும். தண்ணி, பால் உள்ள போயிட்டே இருக்கணும். யூரின் போறது கொறஞ்சா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துடுங்க."

வீட்டுக்கு வந்ததும் புள்ளிகள் யார் கண்ணிலும் படாதபடி குட்டியின் கைக்கும் காலுக்கும் காலுறை மாட்டினேன். பிறகு கூடத்தில் நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன்.

"உதட்டுக் கொப்புளத்துலேர்ந்து ஒட்டினதாம். அக்காவ கொஞ்ச நாள் கிட்ட வரவேண்டாம்னுட்டார் டாக்டர்."

அக்கா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "நான் அப்பவே நெனச்சேன்" என்றார் மாமியார். அவர் எதையுமே அப்போதே நினைத்தவர்.

இரண்டு நாள் லீவு போட்டேன். குட்டி முழுக்க முழுக்க எனக்கே எனக்கு. ஆனால் அவன் பாலைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டான். ஸ்பூன், டம்ளர், மருந்து சிரிஞ்ச் எதற்கும் மசியவில்லை. மாடிப்படியைப் பார்த்துப் பார்த்து அழுதான். இரண்டாம் நாள் மத்தியானம் டயப்பரைக் கழற்றினால், காலையில் போட்டது அப்படியே காய்ந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்குமுன் கடைசியாக ஒரு வழிதான் இருந்தது. பொறாமைக்கும் ஒரு அளவு வேண்டாமாடி என்று என்னையே திட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

அக்கா முகக்கவசம் மாட்டிக்கொண்டுதான் இறங்கி வந்தாள். குட்டியை மடியில் போட்டு, குளிர்ந்த பாலைச் சொட்டுச் சொட்டாக உதட்டின் உள்ளே விட்டாள். ஒவ்வொரு சொட்டுக்கும் "குருவி வந்துச்சா, பறந்து போச்சா" என்றாள். அரைமணி நேரத்தில் அரை டம்ளர் இறங்கிவிட்டது. எனக்கு நிம்மதியும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அவன் தூங்கியதும் மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, இது உங்களால வரல. டாக்டர் அப்படிச் சொல்லவே இல்ல. நான்தான்..."

"தெரியும்" என்றாள். "க்ரீச்ல நாலு புள்ளைங்களுக்கு இதேதான்னு ஆயா அன்னைக்கே போன்ல சொல்லிட்டாங்க."

"அப்போ ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அவள் குட்டியின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

"கொப்புளம்னா ஒரு வாரத்துல ஆறிடும், திரும்ப அவனத் தூக்கிக்கலாம்னு இருந்தேன். சொல்லியிருந்தா என்னத் தள்ளிவைக்க நீ வேற காரணம் தேடியிருப்ப."

கடைக்குப் பக்கத்தில் ஏழு மணி வரை திறந்திருக்கும் இன்னொரு க்ரீச்சில், நானே அவனை அழைத்து வரலாமென்று, ஏற்கெனவே இடம் கேட்டு வைத்திருந்தேன்.