மோதிரக் கை

பூபதியின் புது மோதிரம் மின்விசிறியோடு இணைவதற்குப் பதில் அவன் மனைவி அம்சவேணியோடு இணைந்துகொண்டது. பெரம்பூரில் அந்த மாதம் பல வீடுகளில் இதே கதைதான். யாரும் பெரிதுபடுத்தவில்லை.

கறுப்பு மோதிரம். வலது கையில் போட்டுக்கொண்டு எதையாவது ஒரு தட்டு தட்டினால் விசிறி சுற்ற வேண்டும். பூபதி சோபாவில் சாய்ந்தபடி டீப்பாயைத் தட்டினான். விசிறி அசையவில்லை. சமையலறையில் பளாரென்று ஒரு சத்தம் கேட்டது.

அம்சவேணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. மோதிரத்தின் தடமும் இருந்தது.

"யாரு அடிச்சது?"

"நான் இங்கதான இருக்கேன்," என்றான் பூபதி.

அவள் அவன் விரலைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அவனுக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. புத்தகத்தில் கால் பட்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆள் அவன். இப்போதும் போட்டுக்கொண்டான். இரண்டு கன்னங்களிலும், மாறி மாறி, மனதார.

அம்சவேணி அறைக்குக் குறுக்கே பறந்து பீரோவில் மோதினாள். கண்ணாடி நொறுங்கியது.

"ஐயோ, மன்னிச்சுடு அம்சா." மறுபடியும் போட்டுக்கொண்டான்.

"மன்னிப்பு கேக்குறத மொதல்ல நிறுத்துங்க," என்றாள் அவள், தரையில் கிடந்தபடி.

மோதிரம் கழலவில்லை. பூபதியே சோப்பு போட்டான், விளக்கெண்ணெய் விட்டான், நூல் சுற்றி இழுத்தான். விரல் வந்தாலும் வரும், அது வராது போலிருந்தது.

பூபதி சில நாள் கையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். கொசுவைக்கூட அடிக்கவில்லை. பிறகு ஒரு மதியம் ரசத்தில் உப்பு கூடிவிட்டது. ஏன் என்று கேட்டான். நாக்கில் ரத்தம் வந்தால் உப்புத் தெரியாது என்றாள். மேஜையைத் தட்டினான். கை தானாகத் தட்டிவிட்டது என்று பின்னால் சொன்னான். அந்தக் கை அப்படிப்பட்டதல்ல.

அவளுடைய முன்பல் ரசத்தில் விழுந்தது. கரண்டியால் அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டு முடித்தாள்.

அதற்குப் பிறகு விசிறி வேண்டுமென்றால் பூபதி எழுந்து சுவிட்ச் போட்டான். அவளோடு பேச வேண்டுமென்றால் தட்டினான். தட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் வருத்தப்பட்டான். அடி ஒரு பங்கு, வருத்தம் இரண்டு பங்கு. வருத்தத்தில்தான் அவள் மணிக்கட்டு உடைந்தது.

மாவுக்கட்டோடு அவள் அவனைச் சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள். நடக்க நடக்க வராந்தா நீண்டுகொண்டே போனது. இரு பக்கமும் பெஞ்சில் காத்திருந்தவர்கள் அவ்வப்போது சுவரில் போய் மோதிவிட்டுத் திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். கடைசியில் வரதன் என்ற அதிகாரி இருந்தார். அவர் தலை ஒரு பக்கமாக ஒடிந்து ஒடிந்து நிமிர்ந்தது. காதிலிருந்து ரத்தம் வழிந்தது.

"மாமனார், சார். கச்சேரிக்குப் போயிருக்காரு," என்றார். "தொடையில தாளம் போடுவாரு. ஆதி தாளம்தான், தாங்கிடலாம்."

"இத எப்படிக் கழட்டுறது?" என்று கேட்டாள் அம்சவேணி.

"அடிச்சவர் இழுத்தா வராதும்மா. அடி வாங்கினவங்க இழுத்தா வந்துடும். ஆனா அப்புறம் அதை நீங்கதான் போட்டுக்கணும். நீங்க தட்டினா அடி சாருக்கு. ஒரு தடவ மாறினா மாறினதுதான்."

"இவ்வளவு நாளா இதை ஏன் யாரும் சொல்லல?"

"அடி வாங்கினவங்க வந்து உக்காருவாங்கம்மா, யாரும் கேக்கல."

அவள் இரண்டு விரலால் இழுத்தாள். வந்துவிட்டது. போட்டுக்கொண்டு வரதனின் மேஜையை மெல்ல ஒரு தட்டு தட்டினாள். பூபதியின் மூக்கு உடைந்தது.

"சரியா இருக்கு," என்றாள்.

வரதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அங்கே கச்சேரியில் மிருதங்கக்காரருக்குத் தனி ஆவர்த்தனம் விட்டுவிட்டார்கள். வரதன் நாற்காலியோடு ஜன்னல் வழியே வெளியே போனார்.

வீட்டுக்கு வந்ததும் பூபதிக்குப் பயமாக இருந்தது. கல்யாணமானதிலிருந்து அவன் அந்த வீட்டில் பயந்ததே இல்லை.

"நீ அந்த மாதிரி பொம்பள இல்ல, அம்சா."

"இல்லீங்க. கோவத்துல உங்கள ஒரு தட்டுகூடத் தட்ட மாட்டேன். சத்தியமா."

அவன் அழுதுவிட்டான். நிம்மதியில் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்குத்தான் லேசாக வலித்தது.

சாயங்காலம் அவள் தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டி, அருகம்புல் மாலையைக் கூடையில் வைத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"சங்கடஹர சதுர்த்தி. பிள்ளையார் கோயிலுக்கு."

பூபதி எழுந்து நின்றான். பிள்ளையாரைப் பார்த்தால் அம்சவேணி சும்மா கும்பிடுகிறவள் அல்ல. கையை மாற்றி வைத்து நெற்றிப்பொட்டில் அழுத்தமாக மூன்று குட்டு குட்டிக்கொள்வாள். தெருமுனையில் ஒரு பிள்ளையார், டிரான்ஸ்பார்மருக்கு அடியில் ஒருவர், ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர். இதுவரை ஒருவரையும் விட்டதில்லை.

"குட்டிக்காம கும்பிட்டுட்டு வாயேன்."

"தெய்வக் குத்தம் ஆயிடும்ங்க."

"கை உடைஞ்சிருக்கே."

"அது இடது கை."

"என் ஹெல்மெட் எங்க?"

"வண்டியில பூட்டியிருக்கு. சாவி என்கிட்ட." செருப்பை மாட்டிக்கொண்டாள். "உங்களுக்கும் சேர்த்து நல்லா வேண்டிக்கிட்டு வரேன்."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். தெருமுனை பக்கம்தான். பூபதியின் தலை சுவரில் மூன்று முறை மோதியது, காரை உதிர்ந்தது. எழுந்து உட்கார்வதற்குள் டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பீரோவின் மீதிக் கண்ணாடியும் போயிற்று.

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பஸ் ஏறியிருப்பாள். எந்தக் கோயில் என்று அவன் கேட்கவில்லை. இப்போதுதான் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு காலண்டரைப் பார்த்தான். நூற்றெட்டுப் பிள்ளையார் கோயிலில் இன்று விசேஷம் என்று போட்டிருந்தது. ஒரே பிராகாரம், வரிசையாக நூற்றெட்டுச் சந்நிதி.

பூபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்து, உடையாத இடமாகப் பார்த்து வைத்தான்.